உட்காரும் வேலை

அலுவலகத்துக்குப் புதிய நாற்காலிகள் வந்திருக்கின்றன என்று அக்காவுக்குத் தகவல் வந்தது. இனி வாரத்தில் இரண்டு நாள் எல்லோரும் நேரில் வந்தாக வேண்டும். வந்தார்களா இல்லையா என்பதை நாற்காலியே எடை பார்த்துத் தலைமையகத்துக்குச் சொல்லிவிடும். தொடர்ந்து காலியாகக் கிடந்தால் வேலை போய்விடும்.

காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. அதை வீட்டிலிருந்தே செய்துவந்தாள். கைக்குழந்தை அவளைத் தவிர வேறு யாரிடமும் தூங்காது. கணவருக்கு வெளியூரில் உத்தியோகம். மிச்சம் இருந்தது, வேலை தேடிக்கொண்டிருந்த தம்பி.

“நீ சும்மா போய் உக்காந்துட்டு வா. வேலைய நான் இங்கேருந்து பாத்துக்கறேன்.”

“யாராவது கேட்டா?”

“யாருடா கேப்பாங்க? என்னைய அங்க ஒருத்தரும் நேர்ல பாத்ததில்ல. அடையாள அட்டையில இருக்கற போட்டோவும் தேஞ்சு போச்சு.”

தம்பி போனான். ஆரம்பத்தில் முள்மேல் உட்கார்ந்திருந்தான். பிறகு பழகிவிட்டது. அக்கம்பக்கத்தவர்கள் காபி குடிக்க எழுந்தால், அவர்கள் நாற்காலியிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கொடுத்தான். வருகையில் அந்த மாடி முதலிடம் பிடித்தது. பாராட்டுவதற்கு மேனேஜரே நேரில் கிளம்பி வந்தார்.

தம்பி போன் செய்தான். “அக்கா, உங்க மேனேஜர் பக்கத்துல நிக்கறாரு. யாருன்னு கேட்டாரு, எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

குழந்தை அப்போதுதான் மடியில் கண்ணயர்ந்திருந்தது. அவளால் வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை. மேனேஜர் போனை வாங்கினார்.

“உங்க தம்பியாம்மா?”

“ஆமா சார். தப்புதான். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க.”

“உங்க வேலையில ஒரு குறையும் இல்லையே. இவரு ஒரு நாளைக்கு எத்தன நாற்காலி பாப்பாரு?”

“சார்?”

“எனக்கும் வாரத்துல ரெண்டு நாள் உண்டும்மா. முதுகுவலி வேற.”

தம்பிக்கு முறைப்படி நியமன உத்தரவு வந்தது. அக்காவின் நாற்காலியும் மேனேஜரின் நாற்காலியும் அவன் பொறுப்பு. அக்கா நேரில் வரத் தேவையில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை காலை குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான்.

“எந்திரிக்கா.”

“ஏன்டா, இன்னிக்கு உனக்கு ஆபீஸ் இல்லையே?”

“ரெண்டு நாள்தான் அங்க. மத்த நாள் எனக்கும் வீட்லேருந்து வேலை.”

வீட்டில் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். அக்கா கணினியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையல் மேடைமேல் வைத்து, நின்றபடியே விண்ணப்பங்களைத் திறந்தாள்.

தம்பி உட்கார்ந்தான்.

“மத்தியானம் வரைக்கும் என்னைக் கூப்பிடாத,” என்றான்.