உப்பு விலக்கு

"தலைய ஆட்டாதடா, காது போயிரும்" என்றான் அறைக்கூட்டாளி லோகேந்திரா.

தோஹா தொழிலாளர் முகாமின் குளியலறையில் குந்தியிருந்த கேம்ராஜின் தலையில் சவரக்கத்தி இறங்கிக்கொண்டிருந்தது. குழாய்மேல் சாய்த்து வைத்த கைபேசியில், நேபாளத்து ஆற்றங்கரையில் அப்பாவின் சிதை எரிந்தது. மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்திருந்தான். உடம்பெல்லாம் துக்கத்தின் வெள்ளைத்துணி அவனுக்கு.

தொற்றுக்காலத்தில் கம்பெனி எல்லாரையும் ஊருக்குத் துரத்தியது. வீட்டில் சும்மா கிடந்த கேம்ராஜை இப்போதுதான் திரும்பக் கூப்பிட்டிருந்தது. "எனக்காக உக்காந்துராத, போ" என்று அப்பாதான் படுத்த படுக்கையிலிருந்து அனுப்பி வைத்தார். இப்போது ஊருக்குப் போனால் திரும்பி வர வேலை இருக்காது. வாரா வாரம் விமானத்தில் புது ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பதின்மூன்று நாள் வெள்ளை உடுத்த வேண்டும், தானே பொங்கி ஒருவேளை உண்ண வேண்டும், உப்பு கூடாது. சீருடை நீலம், வெள்ளைக்கு வழியில்லை. முகாமில் பொதுச்சமையல், தானே பொங்கவும் வழியில்லை. வெறுஞ்சோறு தின்று உப்பையாவது விட்டுவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். அப்பாவுக்குச் செய்ய அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

மறுநாள் வெயிலில் கம்பி கட்டும்போது, மேஸ்திரி குல்சமான் வழக்கம்போல், வெயிலில் மயங்கி விழாமலிருக்கக் கொடுக்கும் உப்புக்கரைசல் வாளியோடு வந்தார். ஆளுக்கொரு கோப்பை, அவர் கண்முன்னே குடிக்க வேண்டும்.

"எனக்கு வேணாம் உஸ்தாத். அப்பா தவறிட்டாரு. எங்களுக்கு உப்பு ஆகாது."

குல்சமான் மொட்டைத் தலையைப் பார்த்தார். "எங்கப்பன் போனப்பவும் நான் இங்கதான் இருந்தேன்" என்றார். கோப்பையை நீட்டிய கை மடங்கவில்லை. "குடிக்காதவன மேல ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு, தம்பி. நீ விழுந்தா உன் வேலைக்கு நாளைக்கே வேற ஆளு வருவான். உன் வீட்டுக்கு யாரு வருவா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். கேம்ராஜ் வாங்கி அண்ணாந்து குடித்தான். ஒரு வாய் உப்பைக்கூட அப்பாவுக்காக விட முடியவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு சாரத்தில் ஏறினான்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, உப்பு சேக்கலல்ல?"

"சேக்கல."

"தனியாவா பொங்கிச் சாப்பிடுற?"

"தனியாத்தான்."

தம்பி போனை வைத்தான்.

கேம்ராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வியர்வை காய்ந்து, நீல முதுகு முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தினமும் வந்ததும் வாளியில் அமுக்கித் துவைத்துப் போடுகிறவன், அன்று அதைத் தொடவில்லை. விடிந்ததும் அதையே எடுத்து உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனான்.