ஆடிக்கு முதல் குடிபூரல்

படகு வாங்கும் யோசனை என்னுடையது அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த நாசமெல்லாம் என்னால்தான்.

ஒனிஹங்காவில் நாங்கள் பதினான்கு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். ஆறு கிழமைக்குள் எழும்பச் சொல்லிக் கடிதம் வந்தது. என் கணவர் தியாகலிங்கம் பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் மங்கரேயில் விமானச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் வேலை. இரண்டு பேருக்கும் அறுபது எட்டிப் பார்க்கிற வயது. வாடகை வீடு பார்க்கப் போன இடமெல்லாம் எங்களுக்கு முன்னால் இருபது சோடி வரிசையில் நின்றது. எல்லாம் இளசுகள், கையில் கோப்பு, முகத்தில் சிரிப்பு. நாங்களும் சிரித்துப் பார்த்தோம். ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை.

மூன்றாம் கிழமை அவர் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இஞ்ச பாரும் ரதி. முப்பத்தெட்டு அடி. கட்டில், குசினி, ஹீட்டர் எல்லாம் கிடக்கு. இதுகளில சனம் குடியிருக்குது, தெரியுமே?"

"படகிலயோ? உங்களுக்கு நீந்தத் தெரியுமே?"

"வீட்டில இருக்கிறதுக்கு ஏனப்பா நீந்த வேணும்?"

கலியாணம் கட்டி முப்பது வருடத்தில் அந்த மனிதர் என்னை வாயடைக்க வைத்தது அன்றுதான். சிரித்துவிட்டேன். சிரித்தபடியால் அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று படகு பார்த்தோம். முதலாவதில் மெத்தையைத் தூக்கினால் கீழே முழுக்கப் பூஞ்சணம். இரண்டாவது பார்க்க வெகு வடிவு. எனக்கு வாய் ஊறியது. ஆனால் இவர் எஞ்சின் மூடியைத் தொட்ட உடனே கையை எடுத்தார்.

"நாங்கள் வர முதல் ஓட்டிச் சூடாக்கி வைச்சிருக்கிறான். குளிர் எஞ்சினை எனக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டும். ஏதோ மறைக்கிறான், வாரும் போவம்."

இருபது வருடம் இயந்திரத்தோடு கிடந்தவர். அந்த விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை.

மூன்றாவது, நகரத்துக்குக் கிழக்கே, படகுகளைக் கட்டி நிறுத்துகிற ஒரு மரீனாவில் நின்ற மரப்படகு. சொந்தக்காரர் கிரஹாம், எண்பதை நெருங்கிய மனிதர். மனைவி போனபின் ஒன்பது வருடம் அதிலேயே தனியாக வாழ்ந்திருக்கிறார். இப்போது நெல்சனில் மகளிடம் போகப்போகிறார். எஞ்சின் குளிர்ந்தபடி கிடந்தது. இரண்டு தரம் இருமிவிட்டு ஓடியது. படகைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்து, படகு பரிசோதிக்கிறவர் ஒருவர் சின்னச் சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிக் காது கொடுத்தார். இரண்டு பலகை மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் உங்கள் இரண்டு பேரின் ஆயுளுக்கும் தாங்கும் என்றார்.

என் பரிசோதனை வேறு. கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டை போகுமா, அடுப்பில் பெரிய பானை நிற்குமா, கறி தாளித்தால் புகை எந்த வழியால் போகும். கடைசியாக, சாமிப் படம் வைக்க ஒரு தட்டு. தட்டு இருந்தது. ஆனால் அது மேற்கைப் பார்த்தபடி இருந்தது. கிழக்கைப் பார்க்க வேண்டுமே என்று கிரஹாமிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. திசைகாட்டியை எடுத்து வந்து பார்த்தார். படகைத் திருப்பிப் பின்பக்கமாக உள்ளே விட்டால் சரி என்றார். அடுத்த நாள் நாங்கள் போனபோது படகு திரும்பி நின்றது. அந்த வயதில், ஒற்றை ஆளாக, எனக்காகச் செய்திருந்தார். இதுதான் எங்கள் வீடு என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

சிக்கல் ஒன்று இருந்தது. படகை வாங்கினால் குடியிருக்கும் அனுமதி கூடவே வராது. அது ஆளுக்குரியது. கிரஹாம் போவதால் ஓர் இடம் காலியாகிறது, அதற்கு நாங்கள் விண்ணப்பிக்க வேண்டும், படகு எங்கள் பெயரில் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். மரீனா அலுவலகத்தில் இருந்த டெபி இதையெல்லாம் பொறுமையாக விளக்கினாள். வெள்ளிக்கிழமை குழு கூடும், உங்களுக்குக் கிடைக்காமல் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை என்றாள். ஒன்றே ஒன்று, அதுவரை படகில் இரவு தங்கக் கூடாது. பகலில் எவ்வளவு நேரமும் இருக்கலாம். இவர் அந்தப் படிவத்தை இரண்டு தரம் வாசித்துக் கையெழுத்து வைத்தார். படகும் எங்கள் பெயருக்கு மாறியது.

அன்று பின்னேரம் நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது.

ஆடியில் பால் காய்ச்சிப் புதுவீடு குடிபுகுவதில்லை, குடிபூரல் செய்வதில்லை. வீட்டை விடவேண்டிய கடைசி நாளோ அந்த ஞாயிறு. ஆனியில் மிச்சம் இருந்த ஒரே நல்ல நேரம் திங்கள் காலை ஆறு பத்துக்கு.

இதைப் பிடிவாதம் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். எனக்கு அது பயம். ஒனிஹங்கா வீட்டுக்கு நாங்கள் மார்கழியில், பால்கூடக் காய்ச்சாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். போய் இருபதாம் நாள் இவர் குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் நான். டாக்டர் கொழுப்பு என்றார், சிகரெட் என்றார். நான் தலையாட்டினேன். உள்ளே எனக்கு மார்கழிதான்.

வெலிங்டனில் இருக்கிற மகள் பிரணவிக்கு ஃபோன் எடுத்தேன்.

"அம்மா, ஜஸ்ட் வெயிட் டில் ஃப்ரைடே. இட்ஸ் ஃபோர் டேஸ்!"

"வெள்ளிக்கிழமைக்கு முதலே ஆடி பிறந்திடும், பிள்ளை."

"ஸோ?"

இங்கே பிறந்த பிள்ளைக்கு அதை விளக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. "சரி, வை" என்றேன்.

இவர் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். "காலமை பாலைக் காய்ச்சுவம். பகல் முழுக்க நிப்பம். இரவைக்கு வீட்டை வந்து படுப்பம். சட்டமும் பிழைக்காது."

"குடிபூந்த அண்டைக்கு இரவு வீட்டை இருட்டா விட்டிட்டு வாறதோ? அண்டைக்கு அங்கதான் படுக்க வேணும், விடிய மட்டும் விளக்கு எரிய வேணும். அதுக்குக் காய்ச்சாமலே விடலாம்."

"கையெழுத்து வைச்சிருக்கிறனப்பா."

"ஒரு இரவு. ஆர் பார்க்கப் போயினம்?"

அவர் என்னைப் பார்த்தார். பதினான்கு வருடமாக நான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பார்வையின் அர்த்தம் அவருக்குத் தெரியும். "சரி. ஒரு இரவுதானே" என்றார். அவர் எதிர்த்து நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எனக்காக.

திங்கள் காலை நல்ல குளிர். இந்த நாட்டில் ஆனி, ஆடி என்றால் மழைக்குளிர் காலம். புதுப் பானையில் பால் ஏறிக்கொண்டு வரும்போது எங்கோ ஒரு படகு போன அலையில் எங்கள் படகு மெல்ல ஆடியது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அழுதோம். அவர் அழுவதை நான் பார்க்காத மாதிரியும் நான் அழுவதை அவர் பார்க்காத மாதிரியும் இருந்தோம். பிறகு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். அந்த ஒரு நாள் எனக்கு வாழ்க்கையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

விளக்கை நான் கவனமில்லாமல் வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில், திரைச்சீலையிலிருந்து தள்ளி, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள்தான் வைத்தேன். அது விடியும்வரை எரிந்தது. நாங்களும் நன்றாகத் தூங்கினோம்.

காலை யாரோ கதவில் படபடவென்று அடித்தார்கள். திறந்தால், பக்கத்துப் படகில் குடியிருக்கிற வேன் என்கிற மனிதர். இரவு உடுப்போடு, கையில் சிவப்பு நிறத் தீயணைப்புக் குப்பி. திரைச்சீலை இடுக்கால் சுவாலை தெரிந்ததாம், கிரஹாமின் படகு எரிகிறது என்று நினைத்து ஓடிவந்தாராம். விளக்கைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். எங்கள் கம்பளியையும் கலைந்த தலையையும் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். போகும்போது, நெருப்பு என்றால் அலுவலகத்துக்குச் சொல்லவேண்டியது சட்டம், குறை நினைக்காதீர்கள் என்றார்.

ஒன்பது மணிக்கு டெபி கூப்பிட்டாள். மேசையில் எங்கள் படிவம் கிடந்தது. நேற்று இரவு படகில் தங்கினீர்களா என்று கேட்டாள்.

விடியக் காலை பூசைக்கு வந்தோம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பொய்தான். அந்த நேரம் நூறு பொய் சொல்லவும் ஆயத்தமாக இருந்தேன். மேசைக்குக் கீழே இவருடைய காலை மிதித்தேன்.

"ஓம்" என்றார் இவர் தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில், ஆமாம், தங்கினோம் என்று சொன்னார்.

டெபி எங்கள் படிவத்தை மெல்லக் கவிழ்த்து வைத்தாள். குழுவில் மூன்று பேரும் சரி என்று தன்னிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை வெறும் கையெழுத்துத்தான் பாக்கி என்றாள். இனி எங்கள் படிவத்தைக் குழுவுக்குக் காட்ட முடியாது. அனுமதி இல்லாமல் தங்கியவர்கள் பன்னிரண்டு மாதத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. வரிசையில் அடுத்து நிற்கிறவர்களுக்கு இடம் போகும். சொல்லும்போது அவளுடைய கண்ணும் கலங்கியது.

நான் ஆடியைப் பற்றிச் சொன்னேன். இங்கிலீஷில் ஆடி என்றால் என்ன? கூடாத மாதம் என்றேன். மார்கழியில் இவர் விழுந்ததைச் சொன்னேன். எனக்கே அது சின்னப் பிள்ளையின் சாட்டு மாதிரிக் கேட்டது. இதையே கடிதமாக எழுதித் தாருங்கள், குழுவுக்குக் காட்டுகிறேன் என்றாள். எழுதிக் கொடுத்தோம். மிகவும் வருந்துகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

கிரஹாம் நல்லவர், வேன் நல்லவர், டெபி நல்லவள், இவரோ எல்லாரையும்விட நல்லவர். கோபத்தை வைக்க எனக்கு ஓரிடமும் இல்லை. சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

காரில் நான் கேட்டேன். "ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா என்னப்பா?"

"கையெழுத்து வைச்சனான் ரதி."

"அப்ப ஏன் தங்க ஓமெண்டனீங்கள்?"

காரை எடுத்தார்.

மற்ற மரீனாக்களில் கேட்டோம். எங்கும் இடமில்லை. நீந்தத் தெரியாத, நெஞ்சுவருத்தக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு வெளியே நங்கூரம் போட்டு வாழ முடியாது. விற்கலாம் என்றால், மழைக்குளிரில் மரப்படகு வாங்க யார் வருவார்கள், வசந்தம் வரட்டும் என்றார்கள். ஞாயிறு ஒனிஹங்கா வீட்டைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுத்தோம். சாமான் எல்லாம் படகில். நாங்கள் மட்டும் மங்கரேயில் எங்கள் ஊர்க்காரர் தண்டபாணி அண்ணை வீட்டு வரவேற்பறையில், விரிக்கிற சோபாவில்.

படகு எங்களுடையது. அதனால் இரவு ஒன்பது மணிவரை இருக்க எங்களுக்கு உரிமை உண்டு. வேலை முடிந்து நேரே அங்கே போகிறோம். நான் சமைக்கிறேன். இவர் அந்த இரண்டு பலகையை மாற்றுகிறார். யாருக்காக என்று நான் கேட்பதில்லை. சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்து, கட்டிலைத் தட்டி விரித்துவைக்கிறேன். ஒருவரும் படுக்காத கட்டில்.

நெருப்பு இனிக் கூடாது என்பதால் பிரணவி ஒரு பற்றரி விளக்கு அனுப்பியிருந்தாள். அதைக் கிழக்குப் பார்த்த தட்டில் வைத்தேன். முதல் நாள் அதை எரியவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தோம். அடுத்த நாள் டெபி கூச்சத்தோடு சொன்னாள், வெளிச்சம் தெரிந்தால் காவலாளி உள்ளே ஆள் இருப்பதாக எழுதிவிடுவார், தயவுசெய்து அணைத்துவிட்டுப் போங்கள்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இவர் மருந்துப் பையுடன் வெளியே பலகை மேடையில் போய் நிற்பார்.

"ரதி, நேரமாச்சு. நூத்துப்போட்டு வாரும்."

விளக்கை நூர்க்கச் சொல்லி, அணைக்கச் சொல்லி எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவருக்கும் அது தெரியும். வேறு எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு இரவு வீட்டை இருட்டாக விடமாட்டேன் என்று நின்றவள் நான். தட்டுக்குக் கீழே கையை விட்டு அந்தச் சின்ன சுவிட்சைத் தேடி அமத்துகிறேன். இன்றைக்கு ஆடி ஒன்பது.