வக்கீல் ப்ரிச்சர்டின் ஒற்றைச் சொல்

1.
இந்தக் கதை ஒரு சிலையைப் பார்த்த எரிச்சலில் பிறந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எங்கள் ஊர்க் கோர்ட் வாசலில் வக்கீல் எலிஃபலெட் ப்ரிச்சர்ட் கல்லாக நிற்கிறார். ஒரு கை கோட்டுக்குள், மறு கை வானத்தை நோக்கி. எதற்காக வைத்தார்கள் என்று பீடத்தில் ஒரு வரி இல்லை. எழுத்தாலேயே அந்தக் கையை ஒடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

'1844-ஆம் ஆண்டின் பொன்னொளி வீசிய ஆகஸ்டு மாதத்தில், மக்களின் காவலராம் ப்ரிச்சர்ட்...'

(வேண்டாம். அவரே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.)

2.
பன்றி திருட்டு வழக்கையும் ரோமாபுரியிலிருந்து தொடங்குகிற ஆள் அவர்.

"ஐயா, அது எம்பன்னின்னு மட்டும் சொல்லுங்க, போதும்!" என்று கட்சிக்காரன் கெஞ்சுவான். பன்றி வருவதற்குள் நீதிபதி தூங்கியிருப்பார்.

சட்டசபைக்கு இரண்டு முறை நின்று தோற்றவர். மூன்றாவது முறை நிற்கும்போது மனைவி மெஹிட்டபெல் தலைநகருக்கென்று புதுக் கோட்டு தைத்து வைத்திருந்தாள்.

"மிஸ்டர் ப்ரிச்சர்ட், இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா இதைச் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிவிட்டுருவேன். அதுவாவது வாயை மூடிக்கிட்டு நிக்கும்."

3.
அந்தக் காலத்தில் ஓட்டுச் சீட்டெல்லாம் கிடையாது. அதிகாரிகள் முன்னால் நின்று, ஊர் கேட்க, பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேட்பாளர் தன் ஓட்டை எதிராளிக்குப் போடுவதுதான் மரியாதை. எதிர்த்து நின்ற மாவு மில்காரர் ஹைரம் டோலிவர் காலையிலேயே வந்து, "ப்ரிச்சர்ட்" என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ப்ரிச்சர்டும் அப்போதே பதில் மரியாதை செய்து முடித்திருக்கலாம். ஆனால் அவரிடம் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது; கூட்டம் சேரட்டும் என்று சாயங்காலம்வரை காத்திருந்தார்.

கூட்டம் சேர்ந்தது. அதற்குள் இருவருக்கும் ஓட்டு சமம். பாக்கி இருந்தது அவர் ஒருவர் மட்டும்.

4.
முடிவு ஒன்று: தன் பெயரையே சொல்லி ஜெயிக்கிறார். (எழுதிப் பார்த்தேன். கோட்டு அவருக்குப் பொருந்தவில்லை.)

முடிவு இரண்டு: ரோமாபுரியில் தொடங்குகிறார், ஷெரிஃப் நேரமாகிவிட்டதென்று கதவைச் சாத்துகிறார். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. என் பாத்திரம்தான், ஆனாலும் இதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.)

5.
"பேரைச் சொல்லுங்க வக்கீலய்யா! ரோமாபுரிப் பக்கம் போயிராதீங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு அடங்கியதும் டோலிவர் மெல்லச் சொன்னார்: "உங்க இஷ்டம் வக்கீலய்யா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

பெண் என்பதால் ஓட்டில்லாத மெஹிட்டபெல் சன்னலுக்கு வெளியே, கையில் கோட்டோடு. "நிமிர்ந்து நின்னு சொல்லுங்க," என்றாள்.

ப்ரிச்சர்ட் நிமிர்ந்தார். பையிலிருந்த பிரசங்கத்தை எடுக்கவேயில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரே ஒரு சொல் பேசினார்.

கூட்டம் தொப்பியைக் கழற்றியது. மெஹிட்டபெல் உள்ளே வந்து, எல்லோர் முன்னிலையிலும் அந்தக் கோட்டை அவருக்கு மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

சிலையின் கையை நான் ஒடிக்கப்போவதில்லை. இப்போதெல்லாம் அந்த வழியாகப் போனால் என் முதுகும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது.

என்ன பெயர் சொன்னார் என்றா கேட்கிறீர்கள்? ஓட்டைப் பதியும் எழுத்தர் பேனாவை மையில் தோய்த்துக் காத்திருக்கிறார், நீங்களே சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் செல்லாது. பக்கத்தில் இருப்பவர் காதில் விழ வேண்டும்.