நீலக்குழாய், கருப்புக்குழாய்

குழாயில் வரும் தண்ணீர் முந்நூற்றுப் பத்து. சுத்தம் செய்து டிரம்மில் பிடித்த தண்ணீர் நானூற்றுப் பத்து. தண்ணீரில் என்னவெல்லாம் கரைந்து கிடக்கிறது என்று எண்ணில் சொல்லும் அந்தப் பேனா போன்ற மீட்டரை மச்சினன் மூன்றாவது தடவையாகச் சட்டையில் துடைத்து, மூன்றாவது தடவையாக டிரம்முக்குள் நுழைத்தான். எண் அசையவில்லை. பூஜ்யம் காட்டியிருக்க வேண்டும்.

"அழுக்கை எடுன்னா, இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குடுத்திருக்கு அத்தான்," என்றான்.

அத்தான் பதில் சொல்லவில்லை. அவர் வயர்மேன். முப்பது வருடமாகப் பிறர் வீட்டுச் சுவர்களுக்குள் வயர் இழுத்துக்கொண்டிருப்பவர். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு 'சைலண்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அதற்கும் பதில் வராது.

மச்சினன் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தான். பல் செட் செய்கிற வேலை. பகலெல்லாம் யார் யார் வாய்க்கோ பல் செதுக்கிவிட்டு வந்து, சாயங்காலம் தன் கூடத்துக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். முந்நூறு லிட்டர் உப்புத்தண்ணீர். எட்டு வருடமாக வளர்த்த பவளங்கள். வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், வீட்டில் இருக்கிற ஜோடியையே பராமரிக்க முடியவில்லை என்பான்.

அது இப்போது வேடிக்கைப் பேச்சாக இல்லை. கடல் தண்ணீர் கலந்து கேனில் விற்றுவந்த கடையை மூன்று வாரத்துக்கு முன் மூடிவிட்டார்கள். தொட்டியின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்றவில்லை. பவளங்கள் சுருங்கி, ஓரம் வெளுக்க ஆரம்பித்திருந்தன. மீன் ஒன்று மேலே வந்து வந்து வாயைத் திறந்தது. குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றவும் வழியில்லை. கட்டடத்தில் இருப்பது பழைய செப்புக்குழாய். செம்பு துளி கலந்தாலும் பவளம் பிழைக்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர் மாறாவிட்டால் எட்டு வருடமும் போயிற்று என்று நேற்று மச்சினன் சொன்னபோது அவன் குரல் அவன் குரலாக இல்லை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. மச்சினன் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் மெஷினை ஒட்டி இரும்பு ஸ்டாண்ட் அடித்து, அதன்மேல் இரண்டு நீல டிரம். ஒன்றில் சுத்தத் தண்ணீர், மற்றதில் உப்புக் கலக்க. சுவரில் சுத்திகரிப்பு மெஷின். டிரம் நிறைந்தால் தானே மூடிக்கொள்ளும் மிதவை. உப்பைச் சுழற்ற ஒரு சின்ன மோட்டார். காலை எட்டு மணிக்குள் வயர்மேன் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். மோட்டாரின் வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டிருந்தார். ஈரம் வழிந்தால் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. மின்கசிவு கண்டால் தானே அணைந்துவிடும் பிரேக்கரைத் தன் பையிலிருந்தே எடுத்து மாட்டினார். மெஷினோடு வந்த தாளை மட்டும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்றே மூன்று குழாய். வெள்ளை, நீலம், கருப்பு. இதற்கு ஒரு தாளா?

பதினொன்றரைக்கெல்லாம் டிரம் நிறைந்துவிட்டது. அவருடைய மனைவி வந்து எட்டிப் பார்த்து, கட்டின மனைவி கேட்டால் ஒரு பல்பு மாட்ட ஒரு மாதம், தம்பி கேட்டால் ஒரே காலையில் கடலே வந்துவிடுகிறது என்றாள். மச்சினன் அத்தானின் கைராசி என்றான். அதன் பிறகுதான் மீட்டரை எடுத்தான்.

இப்போது அவன் மெஷின் விற்றவருக்குப் போன் போட்டுவிட்டான். வயர்மேன் பக்கத்திலேயே நின்றார். மறுமுனையில் இருந்தவர் நிதானமாகப் பேசினார். டிரம் நிறைய எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டார். மூன்றரை மணி நேரம் என்றதும், அப்படி நிறையாதே, பாதி நாளுக்கு மேல் ஆகுமே, இணைப்பை ஒரு தடவை பாருங்களேன் என்றார்.

மச்சினனுக்கு வந்ததே கோபம். "இணைப்புக் குடுத்தது யாரு தெரியுமா? எங்க அத்தான். முப்பது வருஷ சர்வீஸ். அவர் கை வச்சா அதுல குறை சொல்ல ஆள் கிடையாது. ஓட்டை மெஷினை என் தலையில கட்டிட்டு, பழியை வேற இடத்துல போடாதீங்க."

போனை வைத்துவிட்டு உப்பு வாளியை எடுக்க உள்ளே போனான். அவன் அக்காவும் மெஷின் விற்றவரின் தலையை உருட்டியபடியே பின்னால் போனாள்.

வயர்மேன் தனியாக நின்றார். மூன்றரை மணி நேரம். வேகமாக நிறைந்ததற்காகக் காலையில் உள்ளுக்குள் அவர் கொஞ்சம் பூரித்துத்தான் போயிருந்தார். இப்போது அது முள்ளாகக் குத்தியது. கீழே குனிந்து பார்த்தார். கழிவுத் துளைக்குள் விட்டிருந்த நீலக்குழாயிலிருந்து நூல் போல ஒரு தாரை இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர் மெதுவாகத்தானே வரும்? கழிக்கிற தண்ணீர்தான் மூன்று பங்கு வரும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது.

ஒரு டம்ளரை எடுத்து நீலக்குழாயின் கீழே பிடித்தார். கால் டம்ளர் சேர்ந்ததும் மீட்டரை நனைத்தார்.

பூஜ்யம்.

எங்கே தவறினோம் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. வயர் நிறம் நாட்டுக்கு நாடு மாறும்; அவர் வேலை செய்யும் கட்டடங்களில் நீல வயர் என்றால் கரண்ட் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போகிற வழி. கருப்பு வயரில்தான் கரண்ட் வரும். காலையில் குழாய்களைக் கையில் எடுத்தபோது அவர் யோசிக்கவேயில்லை. கருப்பை டிரம்முக்குப் போட்டார், நீலத்தைக் கழிவுக்கு விட்டார். கையே செய்தது. மெஷின் காலையிலிருந்து முத்து முத்தாகச் சுத்தத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்க, அவர் அதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, அது ஒதுக்கித் தள்ளியதை டிரம்மில் சேமித்திருந்தார்.

அழுத்தி இழுத்தால் கழன்றுவிடும் குழாய்கள்தான். இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். 'புது மெஷின் மாப்ள, முதல் தண்ணி இப்படித்தான் இருக்கும், கொட்டிட்டுத் திரும்பப் பிடிப்போம்.' அந்த வாக்கியம் கேட்காமலேயே அவருக்குள் வந்து தயாராக நின்றது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பேசாதவன் சொல்கிற ஒரு வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு அவருக்குத் தெரியும். அந்த மதிப்பில்தான் அவர் இத்தனை வருடமும் காலம் தள்ளியிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எங்கோ ஒரு கடையில் முகம் தெரியாத ஒருவர் திட்டு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதானே?

மச்சினன் உப்பு வாளியோடு வந்தான். மூடியைத் திறந்தான். கண் சிவந்திருந்தது.

இனி வேறு மெஷினுக்கு நேரமில்லை, இருக்கிற தண்ணீரிலேயே கலந்துவிடப்போகிறேன், குழாய்த் தண்ணீரைவிடக் கொஞ்சம்தானே கூட என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னான். மோட்டாரை எடுத்து நிறைந்த டிரம்முக்குள் இறக்கிப் போட்டான். தண்ணீர் சுழல ஆரம்பித்தது. ஒரு குவளை உப்பை அள்ளி டிரம்முக்கு மேலே கொண்டுபோனான்.

"போடாத மாப்ள."

குரல் உரக்க வந்துவிட்டது. உள்ளேயிருந்து மனைவியும் வந்துவிட்டாள்.

"மெஷின் மேல தப்பில்ல. தப்பு என்னோடது," என்றார். "நீலமும் கருப்பும் மாத்திக் குடுத்துட்டேன். வயர்னு நெனச்சிட்டேன்."

டம்ளரை நீட்டினார். மச்சினன் குவளையைக் கீழே வைக்காமலேயே இடது கையால் மீட்டரை அதில் நனைத்தான். பார்த்தான். எடுத்து உதறிவிட்டு மறுபடி நனைத்தான். வயர்மேன் அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் கைவிரல்களில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வாழ்க்கையில் எத்தனையோ மௌனங்களை அனுபவித்துக் கிடந்திருக்கிறார். இது ஒன்றுதான் அவருக்கு நீளமாகப் பட்டது.

"அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு?" என்றான் மச்சினன்.

"நல்லா இருக்கு."

"இப்ப மாத்தினா சாயங்காலத்துக்குள்ள நாப்பது லிட்டர் வந்துடும்ல?"

"வந்துடும்."

அவன் குவளையை வாளிக்குள் கவிழ்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று முதலில் தெரியவில்லை. பிறகு சிரிப்புதான் என்று தெரிந்தது. தப்பு யாருடையது என்கிற பாகம் அவன் காதில் விழுந்ததாகவே தோன்றவில்லை. மனைவிக்குத்தான் விழுந்திருந்தது. இந்தத் தெருச் சாக்கடைக்கு இன்று ராஜ உபசாரம் நடந்திருக்கிறது என்றாள். டிரம்மில் நிற்கும் நூறு லிட்டரில் துணி துவைக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

வயர்மேன் குழாய்களை மாற்றினார். அவள் வாளி வாளியாக மொண்டு முடித்ததும் டிரம்மை இறக்கிக் கழுவி மறுபடி ஏற்றினார். பிறகு மச்சினனின் போனை வாங்கி, மெஷின் விற்றவரைத் தானே கூப்பிட்டார். முன்பின் தெரியாதவரிடம் போனில் அவர் அத்தனை வாக்கியங்கள் பேசி மனைவி பார்த்ததில்லை. மறுமுனையில் இருந்தவர் முழுக்கக் கேட்டார். பரவாயில்லை, பவளம் தப்பித்ததே என்றவர், உப்பை ஒரேயடியாகக் கொட்டாமல் மோட்டார் ஓட ஓடத் தூவுங்கள், அளவு லிட்டருக்கு முப்பத்தைந்து கிராமுக்கு வரட்டும், ஒரு ராத்திரி சுழலட்டும் என்று சொல்லிக் கொடுத்தார். வயர்மேன் அதைக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டியின் பழைய தண்ணீரில் நாற்பது லிட்டரை எடுத்து, புதியதை மெல்ல மெல்ல ஊற்றினார்கள். ஊற்றி முடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. பவளங்கள் மூடிய கை போலவே இருந்தன. மச்சினன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். வயர்மேன் இன்னொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தட்டுகளை அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் மேலே வாயைத் திறந்துகொண்டிருந்த மீன் கீழே இறங்கித் தன் ஜோடியிடம் போய்ச் சேர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, இடது ஓரத்தில் இருந்த ஒரு பவளம் ஒரு விரலை நீட்டியது. பிறகு இன்னொன்றை. மச்சினன் ஏதோ சொல்லத் திரும்பினான்.

வயர்மேன் சுவரில் தலை சாய்த்து, மடியில் தட்டோடு தூங்கிப்போயிருந்தார். மச்சினன் அந்தத் தட்டை மட்டும் சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிட்டு, மறுபடி தொட்டியைப் பார்க்க உட்கார்ந்தான்.