கையை உள்ள விடு

நான் பெத்த பொண்ணைக் கார்ல இருந்து இறக்க எனக்கு ஒரு வாட்ச்மேன் வேணும். கேக்குற உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

குழந்தைங்களுக்குன்னு கார்ல ஒரு சீட்டு மாட்டுறாங்களே, அதுதான் வில்லன். தோளுக்கு ரெண்டு பட்டை, வயித்துக்குக் கீழ ஒரு பூட்டு, பூட்டு நடுவுல ஒரு சிவப்புப் பொத்தான். மாட்டுறது சுலபம். சொருகினா டக்குனு பிடிச்சுக்கும். கழட்டணும்னா அந்தப் பொத்தானைக் கட்டைவிரலால அழுத்தணும். குழந்தை தானா கழட்டிடக் கூடாதுன்னு வேணும்னே கெட்டியா வெச்சிருக்கான், மகராசன். அம்மாக்காரி கழட்டணுமேன்னு அவனுக்குத் தோணவே இல்ல. அதுவும் எங்க சீட்டு நாத்தனார் வீட்ல ரெண்டு பசங்களைப் பார்த்துட்டு வந்தது. அதோட பொத்தான் நாத்தனாரை விட அழுத்தம்.

என் கட்டைவிரல் கதை தனி. யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில எனக்குக் கட்டிங் வேலை. பெரிய கத்திரி வளையத்துல விரலை விட்டு வருஷக்கணக்கா சட்டையும் கால்சட்டையுமா வெட்டித் தள்ளினதுல விரலோட அடிமூட்டு தேய்ஞ்சு வீங்கிப் போச்சு. இடது கையை மாத்தி வெட்டிப் பார்த்தேன், அதுவும் போச்சு. "விரலுக்கு ஓய்வு குடும்மா"ன்னு டாக்டர் சொன்னார். "விரலுக்குக் குடுக்கலாம் டாக்டர், வயித்துக்கு யார் குடுப்பா?"ன்னேன். அவர் ஒரு களிம்பு எழுதிக் குடுத்தார்.

குழந்தையைத் தூக்குறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, முழங்கையில ஏந்தித் தூக்கிடுவேன். அந்தப் பொத்தான்தான் முடியல. கரண்டிக் காம்பால குத்திப் பார்த்தேன், செருப்பால அழுத்திப் பார்த்தேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு உள்ளங்கையை வெச்சும் பார்த்தேன். ம்ஹூம். வீட்டுக்காரருக்கு மாலை ஷிஃப்ட். நான் வேலை முடிஞ்சு வர்றப்ப அவர் கிளம்பிப் போயிருப்பார்.

அதனால தினமும் இப்படித்தான். காலையில வாண்டைச் சீட்டுல உக்கார வெச்சு நான் கட்டுவேன். "கையை உள்ள விடு. ம், இந்தக் கை. சீக்கிரம், அம்மாவுக்கு லேட்டாகுது." க்ரெஷ் வாசல்ல ஆயாம்மா வந்து அவிழ்த்துத் தூக்கிக்குவாங்க. சாயந்திரம் ஆயாம்மாவே தூக்கிட்டு வந்து சீட்டுல விடுவாங்க, மறுபடி நான் கட்டுவேன். மறுபடி அதே பாட்டு. எங்க குடியிருப்பு கேட்டுக்குள்ள வந்ததும் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, கொஞ்சம் வாங்க"ம்பேன். விசில் வருவார்.

வாட்ச்மேனுக்கு விசில்னு பேர் வெச்சது எங்க மாடிப் பசங்க. வாய்ல எப்பவும் விசில் இருக்கும், எடுத்துட்டுத்தான் பேசுவார். தொப்பை முன்னாடி வரும், ஆள் பின்னாடி வருவார். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனுஷன். குனிஞ்சு, "மகாராணி இறங்கலாமா?"ம்பார். டக்! உடனே என் பொண்ணு ரெண்டு கையையும் மேல தூக்குவா பாருங்க... அப்படியே அவர் கழுத்தைக் கட்டிக்கிட்டு, தோள்ல மூஞ்சியைப் புதைச்சுக்குவா. பகல் முழுக்க சேர்த்து வெச்சதெல்லாம் அந்த ஒரு கட்டிப்பிடியில போயிடும். அப்புறம்தான் "இந்தாங்கம்மா உங்க பார்சல்"னு என் கையில குடுப்பார். எங்கிட்ட வர்றப்ப அவளுக்கு லிஃப்ட் பொத்தானை அமுக்கணும். நெளிஞ்சு இறங்கி ஓடிடுவா.

அந்த ரெண்டு கை எனக்காக ஒரு தடவை மேல வரணும். அவ்வளவுதான் என் ஆசை. நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா?

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "போயும் போயும் வாட்ச்மேன் மேலயா உனக்குப் பொறாமை?"ன்னு சிரிச்சார். லீவு நாள்ல அவர்கிட்டயும்தான் கை தூக்குறா, அவருக்கென்ன, சிரிப்பார். பொறாமைதான். இல்லைன்னு எந்த வாயால சொல்றது? க்ரெஷ்ல இருந்து வீடு வர்ற வரைக்கும் கண்ணாடியில அவ மூஞ்சியைப் பார்த்துட்டே ஓட்டுவேன். எட்டிப் பிடிக்கிற தூரம்தான், ஆனா அவளைத் தூக்கிக் கொஞ்சணும்னா கேட் வரைக்கும் போகணும், அங்கயும் வேற ஒருத்தர் கை முந்திக்கும்.

போன வாரம் கம்பெனியில காஜா அக்காகிட்ட இதைக் கொட்டினேன். அவங்க பேர் வேற, சட்டைக்குப் பொத்தான் துளை போடுறதால எல்லாருக்கும் காஜா அக்கா. முழுசா கேட்டுட்டு, "அடி அசடே, இதுக்குன்னே ஒரு சாமான் வருதே! என் தங்கச்சி வெச்சிருக்கா. அவளுக்கு விரல்ல ஒரு கேடும் இல்ல, நகம் உடைஞ்சுடுமாம்!"ன்னாங்க. மறுநாளே கொண்டுவந்துட்டாங்க. பச்சை பிளாஸ்டிக்ல கோழி அலகு மாதிரி ஒண்ணு. பூட்டு மேல கவ்வ வெச்சு, உள்ளங்கையால இறுக்கினா போதும், அலகே பொத்தானை அழுத்திடும். கட்டைவிரல் சும்மா வேடிக்கை பார்க்கலாம்.

சாப்பாட்டு இடைவேளையில ஓடிப்போய் காரைத் திறந்தேன். காலிச் சீட்டைப் பூட்டி, அலகைக் கவ்வ வெச்சு இறுக்கினேன். டக்! மறுபடி பூட்டினேன். டக்! பார்க்கிங்ல நின்னுக்கிட்டு, பைத்தியம் மாதிரி சிரிச்சுட்டே அழுதேன். அன்னைக்கு மத்தியானம் வெட்டின துணியெல்லாம் கோணல்.

சாயந்திரம் கேட்டுக்குள்ள வந்ததும் விசில் தானா நடந்து வந்தார். கண்ணாடியை இறக்கி, "இன்னைக்கு வேண்டாம்ண்ணே, நானே கழட்டிடுவேன்"னு பச்சை அலகை ஆட்டிக் காமிச்சேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"ன்னு சிரிச்சார். ஆனா மூஞ்சி தொங்கிப் போச்சு. பாவமாத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னைக்கு யாருக்கும் விட்டுக் குடுக்குறதா இல்ல.

பின்கதவைத் திறந்து குனிஞ்சேன். அலகைக் கவ்வ வெச்சேன், இறுக்கினேன். டக்! பட்டை ரெண்டும் தளர்ந்து அவ தோளை விட்டு நழுவிச்சு. நான் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னேன்.

வாண்டு என்னைப் பார்த்தா. தளர்ந்து கிடந்த பட்டையைப் பார்த்தா. வலது கையை எடுத்துப் பட்டைக்குள்ள விட்டா. அப்புறம் இடது கையை. காலையில உக்காருற மாதிரியே முதுகை நிமிர்த்தி உக்காந்துக்கிட்டு, "அம்மாவுக்கு லேட்டாகுதா?"ன்னா.

எனக்கு உசுரே போயிடுச்சு. அவ மேல என்ன தப்பு? நான் இந்தக் கதவைத் திறந்து குனிஞ்சா கட்டத்தான் குனிவேன். கட்டுறவ நான், அவிழ்க்கிறவங்க மத்தவங்க. புள்ளை ஒழுங்காத்தான் கத்துக்கிட்டிருக்கு. இறக்குறதுக்கு விசில்கிட்ட ஒரு 'மகாராணி' இருந்தது. எங்கிட்ட என்ன இருந்தது? சீக்கிரம், சீக்கிரம்.

"நான் வரட்டுமாம்மா?"ன்னு பின்னாடி விசில் குரல். "வேண்டாம்ண்ணே."

கார் வாசல்லயே மண்டி போட்டுட்டேன். "லேட்டாகலடி கண்ணு. இன்னைக்கு எதுவும் லேட்டாகல." கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது. அவ என் விரலைப் பார்த்தா. "வலிக்குதா?"

"விரல் வலிக்கல. அம்மாவுக்கு உன்னைத் தூக்கணும்டி. ரொம்ப நாளா ஆசை."

அவ என் வீங்கின கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, பட்டைக்கு அடியில, அவ அக்குளுக்குள்ள தள்ளினா. அச்சு அசல் என் குரல், என் அதட்டல்.

"கையை உள்ள விடு. ம், இந்தக் கை."

விட்டேன். இன்னொரு கையையும் விட்டேன். பட்டையோட சேர்த்து அவளைக் கட்டிக்கிட்டேன். அவ கை ரெண்டும் மெதுவா மேல வந்து என் கழுத்துக்குப் பின்னாடி சேர்ந்துச்சு. வெளியில யாரோ காரை நிறுத்தி ஹாரன் அடிச்சாங்க. விசில் நீளமா ஊதி அவங்களைத் தடுத்து நிறுத்தினார்.

"சீக்கிரம்மா"ன்னா, என் தோள்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டே.

நான் அசையவே இல்ல.