தொண்ணூற்றிரண்டு மார்க்

சாம்பல் விழவில்லை, ஒன்றரை அங்குலம் நீண்டு சுருட்டின் நுனியில் வெள்ளையாக நிற்கிறது, நல்ல சுருட்டின் சாம்பல் அப்படித்தான் நிற்கும் என்று நானே எத்தனை முறை எழுதியிருப்பேன், பால்கனியில் உட்கார்ந்து புகையை வாய்க்குள் நிறுத்தி, நாக்கில் புரட்டி, மூக்கு வழியாக விடுகிறேன், வெறும் வெந்நீர் ஆவி, சனியனே, ஏதாவது சொல்லித் தொலை என்று மூக்கைப் பிடித்துத் திருகுகிறேன், இதே மூக்குதான் ஒரு காலத்தில் காகித வளையத்தைக் கழற்றிவிட்டு நீட்டினாலும் இது நிகராகுவா, இது கியூபா என்று சொன்னது, நசுங்கிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் அறிக்கை எழுதுகிறவனை ஞாயிறுதோறும் நாலாயிரம் பேர் இணையத்தில் படிக்கும் சுருட்டு விமர்சகன் ஆக்கியது, ஆடியில் ஒரு காய்ச்சல், மூன்றே நாள், நாலாம் நாள் ரசத்தில் பெருங்காயம் போடவில்லையா என்று கேட்கிறேன், என் மனைவி சௌந்தரி கரண்டியோடு திரும்பி, தெருமுனை வரைக்கும் மணக்குது, உங்களுக்கு என்ன கேடு என்கிறாள், சளி என்றேன், சளி போனது, மணம் வரவில்லை, வரும் என்றார் டாக்டர், எப்போது என்று சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் வந்தது.

பழைய நோட்டை எடுத்தேன், ஒரு சுருட்டின் மிளகு, இன்னொன்றின் காப்பி, மூன்றாவதின் தோல் வாசனை, கலந்து கட்டிப் பதினோரு விமர்சனங்கள், உங்க நாக்குக்குக் கோயில் கட்டணும் சார் என்று ஒரு வாசகர் எழுதினார், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, கனவில்கூட ரோஜா பிளாஸ்டிக்காக இருந்தது, அப்படியே ஓட்டியிருப்பேன், நேற்று மட்டும் கீழ்ப்பாக்கம் போகாமல் இருந்திருந்தால், சனிக்கிழமைதோறும் அங்கே சுருட்டுப் பிடிக்கக் கூடுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர், அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன் தேவசகாயம், பல் டாக்டர் நசீர், நான், மேஜைமேல் தேவசகாயத்தின் சுருட்டுப் பெட்டி, முகம் செத்துப்போய் நிற்கிறான், உன்கிட்ட காட்டாம தூக்கிப்போட மனசு வரலடா, பார்த்துச் சொல்லு என்கிறான், ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன, மின்விசிறி முழு வேகத்தில், நசீர் கைக்குட்டையால் மூக்கை மூடியிருக்கிறான், அவனுக்கும் சளியாக்கும் என்று நினைத்தேன், மடையன், வழக்கம்போலக் கண்ணை மூடி, பற்றவைக்காத சுருட்டை மூக்கடியில் மெல்ல இழுத்து, மனதுக்குள் மூன்று எண்ணி, தேவதாரு தூக்கல், அடியில லேசா தேன், தாராளமா தொண்ணூத்திரண்டு போடலாம் என்றேன்.

நசீர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, டேய், விளையாடுறியா, வண்டு துளைக்கக் கூடாதுன்னு இவன் வீட்டம்மா மேரி அக்கா பெட்டி நிறைய அந்துருண்டையைக் கொட்டி வெச்சிருக்காங்க, கேட்டுக்குள்ள நுழையும்போதே குடலைப் புரட்டுது என்கிறான், தேவசகாயம் சிரித்திருந்தால் நானும் சிரித்துச் சமாளித்திருப்பேன், அவன் சிரிக்கவில்லை, என் முழங்காலில் கையை வைத்து, எப்போலேர்ந்துடா என்று கேட்டான், சளி என்றேன், இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள், அந்தச் சுருட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதுதான் இப்போது எரிகிறது, நாறட்டும் என்றுதான் பற்றவைத்தேன், மிளகு வேண்டாம், தேன் வேண்டாம், நாற்றமாவது வா, உள்ளேயிருந்து சௌந்தரி, என்ன கருமத்தைக் கொளுத்துறீங்க, துணி பீரோவுக்கே தீ வெச்ச மாதிரி நாறுது என்று கத்தி ஜன்னலை அறைந்து சாத்துகிறாள், கொடுத்துவைத்தவள், எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி மாளாது, மடியில் நோட்டு, இன்றைக்கும் ஞாயிறு, தேவதாரு என்று எழுதி, அடித்து, தோல் என்று எழுதி, பேனா தாளைக் கிழிக்கும்வரை அடிக்கிறேன், அப்போது சாம்பல் விழுகிறது, நுனிக் கனலையும் இழுத்துக்கொண்டு, வேட்டி கருகி ஓட்டை விழுந்து, தொடை சுரீர் என்ற பிறகுதான் எனக்குத் தெரிகிறது, கருகல் வாடை என்னிடம் வரவேயில்லை, தட்டிவிட்டு, பன்னிரண்டாவது விமர்சனத்தில் ஒரே ஒரு சொல் எழுதுகிறேன், சூடு, மார்க் போடும் இடத்தை வெறுமையாக விட்டு, நாலாயிரம் பேருக்கும் அனுப்பிவிட்டேன்.