அறையில் வேறு யாரும் இல்லை

சிறையில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமான சூட்டோடு உள்ளே வந்தவன், அதுவும் மச்சினனோடு சேர்ந்து வந்தவன். மச்சினன் தெருவில் யாருடனோ கைகலப்பில் இறங்க, விலக்கிவிடப் போன இவனையும் சேர்த்து போலீஸ் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. "மாமியார் வீட்டுக்கு மச்சானையும் கூட்டிட்டு வந்த ஒரே மாப்பிள்ளை நீதான்டா" என்று முதல் நாளே ஒரு பழைய கைதி சொல்லிவைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. இருவரும் ஆளுக்கொரு பிளாக்கில் ஜாமீனுக்குக் காத்துக் கிடந்தார்கள்.

அந்தப் பெயரை ரசித்து ரசித்துச் சொன்னவர் சீஃப். அந்தச் சிறையின் தலைமைக் காவலர். குரலை உயர்த்தவே மாட்டார். "வாங்க மாப்ள" என்று அவர் மரியாதையாகக் கூப்பிட்டால் கேட்டவன் அன்று முழுக்க அவர் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிவான்.

ஒரு மாலையில் மாப்பிள்ளையின் அறையில் இருந்த வயதான கைதிக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விட முடியாமல் பெரியவர் தரையில் புரள, இவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கம்பியில் அடித்து ஊரைக் கூட்டினான். வந்தவர் சீஃப். பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அதில் குறை சொல்ல முடியாது. அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, "எந்தக் கை மாப்ள தட்டுனது?" என்று கேட்டார். வலது கையைப் பிடித்துக் கதவு நிலையில் வைத்து, இரும்புக் கதவைச் சாத்தினார்.

வெளியே அவன் டூவீலர் மெக்கானிக். அந்தக் கையில்தான் குடும்பமே ஓடியது.

கைதி கவனக்குறைவால் கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டார் என்று சிறை எழுதி வைத்தது. மனைவி விடவில்லை. பார்க்க வந்தவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள், இலவச சட்ட உதவி வக்கீலம்மாவைத் தேடிப் பிடித்தாள், உயர் நீதிமன்றத்தில் மனுவே போட்டுவிட்டாள். கைதியைக் கூட்டி வரப் போலீஸ் இல்லை, போலீஸ் இல்லை என்று சிறை சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. சலித்துப்போன நீதிபதி, "சரி, வீடியோவில் காட்டுங்கள். நானே பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அன்று காலை மாப்பிள்ளை சிறை அலுவலகத்தின் கோடி அறைக்கு வந்து சேர்ந்தான். ஒரு மேஜை, மேஜைமேல் லேப்டாப், பக்கத்தில் ஒரு பழைய தொலைபேசி. முதுகுக்குப் பின்னால் நீலத் துணி கட்டியிருந்தது. குமாஸ்தா வந்து லேப்டாப்பை இணைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சீஃப் மட்டும் மேஜைக்கு அந்தப் பக்கம், லேப்டாப்பின் முதுகை ஒட்டிய சுவரோரமாக நின்றார். கேமராவுக்கு அவர் தெரியமாட்டார். மாப்பிள்ளைக்கு நேரெதிரே தெரிந்தார்.

"ஒரே வரி மாப்ள. 'மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்.' அவ்வளவுதான். என்ன கஷ்டம் உனக்கு?"

மாப்பிள்ளை உடைந்த கையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"கஷ்டமா இருந்தா இதைப் பாரு" என்று ஒலியை அடைத்திருந்த தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். அதில் வீடியோ காலில் மச்சினன் தெரிந்தான். ஏதோ ஓர் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைக் கையால் கோதி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, போனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவனுக்குப் பின்னால் காக்கி உடுப்பு ஒன்று நின்றது. முகம் தெரியவில்லை, இடுப்பும் லத்தியும் மட்டும் தெரிந்தன.

"அக்கா லைன்ல வரப்போறான்னு சொல்லியிருக்கோம். பாவம், எப்படிச் சிரிக்கிறான் பாரு. இங்க நீ ஒழுங்கா பேசினா அங்க அவன் சிரிச்சுக்கிட்டே இருப்பான்."

இந்தப் பயலால்தான் தனக்கு இந்தக் கதி என்று மாப்பிள்ளை எத்தனையோ தரம் மனதுக்குள் திட்டியிருக்கிறான். இப்போது அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

திரை உயிர்பெற்றது. மேலே நீதிபதி, கீழே சின்னக் கட்டத்தில் நீதிமன்ற அறை. வக்கீலம்மா பக்கத்தில் அவன் மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குரல் கேக்குதாப்பா?" என்றார் நீதிபதி.

"கேக்குதுங்கய்யா."

"கையைக் காட்டு."

காட்டினான். விரல்கள் வீங்கிக் கோணியிருந்தன. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நீ இருக்கிற அறையில வேற யாராவது இருக்காங்களா?"

சீஃப் இல்லையென்று மெல்லத் தலையை ஆட்டினார்.

"யாரும் இல்லைங்கய்யா."

"பயப்படாம சொல்லு. கை எப்படி உடைஞ்சது?"

"கதவுல நசுங்கிடுச்சுங்கய்யா. என் தப்புதான். மனுவை... மனுவை வாபஸ் வாங்கிக்கிறேங்கய்யா."

வக்கீலம்மா விருட்டென்று எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். "யார் சொல்லி வாபஸ் வாங்கற?"

"நானாத்தாங்கய்யா."

அரசு வக்கீல் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்து, மனுதாரரே வாபஸ் பெறுவதால் வழக்கை முடித்துவைக்கலாம் என்றார். நீதிபதி பேனாவை எடுத்தார். சீஃப் போனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அந்தப் பக்கம் இருந்த காக்கிக்காரருக்கு அது. மச்சினன் அது தனக்கென்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினான்.

அப்போதுதான் மனைவி எழுந்தாள். அவளை யாரும் பேசச் சொல்லவில்லை. வக்கீலம்மா அவள் கையைப் பிடித்து இழுத்ததும் திரையில் தெரிந்தது.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. அவரு உங்களைப் பார்த்துப் பேசலைங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் மேல மேல பாக்கறாரு. எங்க வீட்டுக்காரரு யாரையோ பார்த்துப் பார்த்துப் பேசறாருங்கய்யா."

நீதிபதியின் பேனா நின்றது.

"என்னங்க," அவள் இப்போது நேராக அவனிடம் பேசினாள். "என்னைப் பாருங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க, வாபஸ் வாங்கறேன்னு."

அவன் அவளைப் பார்த்தான். சுவரோரம் சீஃபின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துகொண்டிருந்தது. போனில் மச்சினன் இன்னும் அக்காவுக்காகக் காத்திருந்தான். சொன்னாலும் அவன் இவர் கையில்தான், சொல்லாவிட்டாலும் இவர் கையில்தான். இன்றைக்கு வாபஸ் வாங்கினால் நாளைக்கு யார் கேட்கப்போகிறார்கள்? இப்போதாவது ஒரு நீதிபதி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. இடது கையால் லேப்டாப்பின் ஒரு முனையைப் பிடித்தான், உடைந்த கையின் முழங்கையை மறுமுனையில் முட்டுக்கொடுத்தான், அப்படியே முழுசாகத் திருப்பிவிட்டான்.

சீஃப் கையில் போனோடு, சுவரில் சாய்ந்தபடி, கேமராவுக்கு நேர் எதிரே நின்றார்.

"யாருய்யா அது?" என்றது நீதிபதியின் குரல். "பேரைச் சொல்லு! கையில என்ன? அந்த போனைக் காட்டு!"

"ஐயா, என் மச்சான் அவங்க கையில இருக்கான்!" என்று மாப்பிள்ளை லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து கத்தினான். "போன்ல காட்டித்தான் என்னைப் பேச வெச்சாரு! அவனைக் காப்பாத்துங்க!"

சீஃப் பாய்ந்து வந்து லேப்டாப்பை மூடினார். குரல் அறுந்துபோனது.

சீஃப் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி மூச்சு வாங்கினார். பிறகு போனின் ஒலியைத் திறந்து, வாயருகே கொண்டுபோய், "முடிச்சுவிடு" என்று சொன்னார். மச்சினனின் சிரிப்பு பாதியில் நின்றதை, படம் ஒரு பக்கமாகச் சரிந்ததை மாப்பிள்ளை பார்த்தான். அதற்குள் சீஃப் போனைப் பைக்குள் போட்டுவிட்டார்.

மேஜைமேல் இருந்த தொலைபேசி அடித்தது.

சீஃப் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. நின்றது. உடனே மறுபடி அடித்தது.

"எடுங்க சார்." மாப்பிள்ளையின் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "உங்க முகத்தை ஒரு கோர்ட்டே பார்த்திருக்கு. இனிமே என்ன பண்ணினாலும் உங்க கணக்குலதான் ஏறும். அவனை விடச் சொல்லுங்க."

சீஃப் லத்தியை உருவினார். உருவியவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். கதவு சுவரில் மோதித் திறக்க, சிறை சூப்பிரண்டு வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். காதில் செல்போன், "ஆமாங்கய்யா, இதோ போடறேங்கய்யா, இப்பவே போடறேங்கய்யா" என்று அதற்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். சீஃபைப் பார்த்து, "லைனை யாருய்யா கட் பண்ணச் சொன்னது? என் வேலைக்கே உலை வெச்சுட்டியேய்யா" என்று பல்லைக் கடித்தார்.

குமாஸ்தா ஓடி வந்து லேப்டாப்பை மறுபடி இணைத்தார். நீதிபதி உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பையனைக் கொண்டுவந்து என் கண் முன்னால நிறுத்துங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் அந்த அறையை விட்டு நகரக்கூடாது."

மச்சினனைக் கூட்டிவர நேரமானது. மாப்பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் மனைவியும் அதே கதவைப் பார்க்க முயன்றாள். கேமராவில் அவளுக்குத் தெரிந்தது மேஜையின் பாதியும் கணவனின் தோளும்தான். கடைசியில் வந்தான், சொந்தக் காலில் நடந்து வந்தான். இடது காதைப் பொத்தியிருந்தான். விரலிடுக்கில் ரத்தம்.

"அக்கா, ஒண்ணும் இல்லக்கா" என்றான் திரையைப் பார்த்து. "ஒரு அறைதான். அதுக்குள்ள ஆளுங்க ஓடிவந்துட்டாங்க."

அவள் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலைக்குள் மாவட்ட நீதிபதி சிறைக்கு வந்து, சூப்பிரண்டின் நாற்காலியில் உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கினார். மாப்பிள்ளை தொண்டை வறளும்வரை சொன்னான். இழுப்புக்காரப் பெரியவரையும் கூப்பிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்தவர், சீஃப் அங்கே இல்லை என்று நாலாபக்கமும் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சீஃபும் மச்சினனை அறைந்த காக்கிக்காரரும் சஸ்பெண்ட் ஆனார்கள். அவர்கள் மேல் போட்ட வழக்கு, சாட்சி வரவில்லை, வக்கீல் வரவில்லை என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. உயர் நீதிமன்றம் மனுவில் ஓர் உத்தரவு போட்டது: இனிமேல் எந்தக் கைதி வீடியோவில் பேசினாலும் முதலில் கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். வக்கீலம்மா அதைப் பெரிய வெற்றி என்றார்.

மாப்பிள்ளையையும் மச்சினனையும் பாதுகாப்புக்கென்று வேறு சிறைக்கு மாற்றினார்கள். அது ரொம்ப தூரம். மனைவி பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் பார்வை நேரம் பாதி முடிந்திருக்கும்.

முதல் தடவை வந்தபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கையையும் தம்பியின் காதையும் மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் இரண்டு விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. மச்சினனுக்கு இடது காது போய்விட்டது.

"நான் அன்னிக்கு வாயைத் திறக்காம இருந்திருக்கலாமோ?" என்றாள். "கேஸ் முடிஞ்சு போயிருக்கும். தம்பிக்குக் காதாவது..."

"நீ சொல்லலேன்னாலும் நான் திருப்பியிருப்பேன்" என்றான் அவன். அது நிஜமா என்று அவனுக்கே தெரியாது. அவளுக்கும் தெரியாது என்பது அவள் பார்த்த பார்வையில் தெரிந்தது.

"பொய் சொல்லாதீங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு பேசறீங்க?" பக்கத்தில் நின்ற மச்சினன் நல்ல காதை வலையில் வைத்து அழுத்தினான். "மாமா, என்னைப் பத்தித்தானே? சத்தமா பேசுங்க, எனக்கும் கேக்கட்டும்."

அவள் தம்பியின் பக்கம் நகர்ந்து, வலையில் வாயை வைத்து, பார்வையாளர் கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"ஜாமீன் மனு திங்கட்கிழமை வருதுடா! தெருவுல இனிமே எவன் கூடவாவது சண்டைக்குப் போனே, நானே வந்து இன்னொரு காதையும் பிச்செடுப்பேன்!"